போர்க்களத்தில் ஓர் ஊசித் தழும்பு

படப்பிடிப்புத் தளத்தில் எல்லோரும் அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். சரித்திரப் படங்களில் உதவி இயக்குநராகச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த முதல் வேலை, கூடையோடு வாசலில் நின்று துணை நடிகர்களின் கைக்கடிகாரங்களைக் கழற்றி வாங்குவது. கடிகாரம் போன பிறகும் மணிக்கட்டில் வெளுத்துத் தெரியும் வளையத்தை முதலில் கவனித்தவர் அவர்தான். அதன் மேல் தோல் நிறச் சாயம் பூச வைத்தார்.

பிறகு அவரே எழுதி இயக்கிய படங்கள் ஏழு. இரண்டு காலத்துக்கும் நிற்கும். மற்றவை கவனமாகத் தைத்த உடைகள், உள்ளே ஆளில்லை. ஆனால் எந்தப் படத்திலும் ஒரு பொத்தான்கூடக் காலம் தப்பி வந்ததில்லை என்பதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். அவர் சம்பாதித்த பெயரே அதுதான். படங்களைத் தொகுத்தவர் அவர் மனைவி. வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷனுக்கு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் உப்பை எதில் வைத்தார்கள் என்பது மட்டும் தெரியும் என்று அந்த அம்மாளுக்குத் தீராத குறை.

ஏழாவது படத்தில், போர் முடிந்த களத்தில் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைத் தேடும் காட்சி. இருபது வருஷமாகக் கூட்டத்தில் மட்டுமே நின்ற ஒரு துணை நடிகை, இறந்து கிடந்தவனின் முகத்தைப் பார்த்தார். அழவில்லை. கன்னத்தில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். யாரும் எழுதிக் கொடுக்காத செயல் அது. கேமரா பக்கத்தில் இருந்ததால் அது அப்படியே பதிவானது.

தொகுப்பு அறையில் மூன்றாவது முறை ஓட்டியபோதுதான் பூதக்கண்ணாடி கவனித்தார். குனிந்ததில் துணி நழுவி, மேல்கையில் அம்மைத் தடுப்பூசியின் தழும்பு வட்டமாகத் தெரிந்தது. தளத்தைப் பிரித்தாகிவிட்டது, மறுபடி எடுக்க வழியில்லை. படச்சுருளில் தழும்பை மட்டும் அழிக்கவும் முடியாது. இரண்டு நாள் அந்த இடத்தை வெட்டாமலே வைத்திருந்தார்.

கூட்டத்தின் அழுகைச் சத்தத்தைப் பதிவு செய்யக் குரல் கொடுக்க வந்த அந்தத் துணை நடிகை திரையில் அதைப் பார்த்துவிட்டு, நேராகத் தொகுப்பு அறைக்கு வந்தார்.

"ஐயா, என் கையில ஊசி குத்துன தழும்பு தெரியுது. அந்த இடத்த வெட்டிடுங்க. உங்க பேரு கெட்டுடும்."

வெட்டினால் நடிகையின் முகமும் போய்விடும் என்று மனைவி சொன்னார். அவருக்கென்று இருந்த ஒரே காட்சி அது.

"அதனால என்னம்மா? முகம் என்கூடத்தான வீட்டுக்கு வருது."

பூதக்கண்ணாடி கேட்டார்: "நீங்க எத்தனாவது தடவ பாத்தப்போ கண்டுபிடிச்சீங்க?"

"போட்ட உடனே. என் கையாச்சே."

"எனக்கு மூணு தடவ ஆச்சு. மொத ரெண்டு தடவ உங்க முகத்தத் தவிர ஒண்ணுமே தெரியல." மனைவியின் பக்கம் திரும்பினார். "இருக்கட்டும்."

படம் வந்த இரண்டாம் மாதம், ஒரு பத்திரிகையில் வாசகர் கடிதம். பூதக்கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது என்று தொடங்கி, தழும்பு தெரியும் இடத்தைத் துல்லியமாகக் குறித்திருந்தார் ஒருவர். மனைவி அதைக் காலைக் காப்பியோடு சத்தமாகப் படித்தார்.

"எத்தன தடவ பாத்தாராம்?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

மனைவி கடிதத்தை மறுபடி மேலிருந்து தேடினார்.

"நாலு. நாலாவது தடவதான் தழும்பு கண்ணுல பட்டுச்சாம்."

உப்பைப் போலவே இருக்கும் இடம் தெரியாத சர்க்கரையைத் தேடிக்கொண்டு அவர் சமையலறைக்குள் போனார்.