ரெமெதியோஸின் பெயரில் ஒரு பாட்டு

காலையிலேயே ரெமெதியோஸ் கணவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: மகள் கல்யாணத்தில் அந்தப் பாட்டு வேண்டாம். ஃபிதென்சியோ கிதாரின் கம்பியை முறுக்கிக்கொண்டே தலையாட்டினான். மணப்பெண் நொயேமியும் அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டுச் சத்தியம் செய்தாள்.

அந்தப் பாட்டு ரெமெதியோஸைப் பற்றியது. ஃபிதென்சியோ இளவயதிலிருந்தே கல்யாணத்துக்கும் மதுக்கடைக்கும் போகும் மரியாச்சிப் பாட்டுக் குழுவில் பாடுகிறவன். துரோகம் செய்த பெண்களைப் பாடித்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது. நொயேமி தொட்டிலில் கிடந்த காலத்தில், ரெமெதியோஸ் பனிக்கட்டி வியாபாரியின் லாரியில் ஏறிப் போனதாக யாரோ வந்து சொன்னார்கள். உண்மையில், ஃபிதென்சியோ சண்டை போட்டு ஒதுக்கிவைத்திருந்த அவளுடைய தங்கை பக்கத்து ஊரில் சாகக் கிடந்தாள். அவளைப் பார்க்கத்தான் சொல்லாமல் போனாள். எங்கே போனாய் என்று அவன் கேட்கவில்லை. அவன் பாடும் பாட்டுகளில் எந்தக் கணவனும் அப்படிக் கேட்பதில்லை, குடிக்கிறான், பாடுகிறான். இவனும் குடித்தான். அவள் பெயரை வைத்தே பாட்டுக் கட்டி மதுக்கடையில் பாடினான். ஒரு பாடகர் அதை வாங்கித் தன் பெயரில் இசைத்தட்டாக்க, ரேடியோ ஊரூராகக் கொண்டுபோயிற்று.

தங்கையின் சாவு வீட்டில்தான் அவனுக்கு உண்மை தெரிந்தது. மனைவி முன் மண்டியிட்டு அழுதான். மன்னிப்புக் கேட்டு இன்னொரு பாட்டும் கட்டினான். அதைத் தொடங்கினால் இரண்டு வரிக்குள், "அத விடுப்பா, பழசப் பாடு" என்பார்கள். சந்தையில் தக்காளி விற்கிறவன்கூட அவளைக் கண்டால் அந்த மெட்டைச் சீட்டியடித்தான். அவள் தேவாலயப் பூசைக்குப் பக்கவாட்டு வாசல் வழியாகப் போய்வரப் பழகினாள். அவனை விட்டுப் போகவும் முடியவில்லை. போனால் பாட்டு உண்மையாகிவிடும்.

விருந்தில் ஆட்டுக்கறி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். வெளியூர்க்காரரான சம்பந்தி தெகிலாக் கோப்பையோடு வந்தார்.

"ஏன் சம்பந்தியம்மா, உங்க பேர்ல ஒரு பாட்டு இருக்கே, கேட்டதில்லையா? எங்க ஊர்ல அது இல்லாம ஒரு கல்யாணம் நடக்காது."

"கேட்டிருக்கேன்."

அவர் சிரித்துக்கொண்டே ஃபிதென்சியோவைப் பார்த்துக் கையசைத்தார். "சம்பந்தி, அந்த ரெமெதியோஸ எடுத்து விடுங்க."

ஃபிதென்சியோ காதில் விழாதவன்போல மன்னிப்புப் பாட்டைத் தொடங்கினான். யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு மேசையில் ஒருவர் தாளம் தட்ட, பழைய பாட்டு வாத்தியம் இல்லாமலே கிளம்பியது. இரண்டாம் அடிக்குள் கூடம் முழுக்கப் பாடியது. ஃபிதென்சியோ கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

ரெமெதியோஸின் கண் மகளைத் தேடியது. நொயேமி கண்களை மூடி, புதுக்கணவனின் தோளில் சாய்ந்தபடி ஆடிக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அம்மாவின் பெயர் வந்த இடத்தில், மற்ற எல்லோரையும் போலவே இழுத்துப் பாடினாள்.

ரெமெதியோஸ் கரண்டியை எடுத்தாள்.

"எலும்பும் போடவா, கறி மட்டும் போதுமா?" என்று எதிரே தட்டோடு நின்றவரைக் கேட்டாள்.

அவரும் பாடிக்கொண்டிருந்தார்.