மொஸ்கோ வேலியும் பீக்கிங் வேலியும்

அரியாலையில் அடுத்தடுத்த இரண்டு வளவுகளில் இரண்டு புரட்சித் தலைவர்கள் குடியிருந்தார்கள். ஒருவர் என் ஐயா, மற்றவர் அவருடைய தம்பி, என் சித்தப்பா. இருவரும் பள்ளிக்கூட வாத்திமார். உழுபவனுக்கே நிலம் என்று சந்திக்குச் சந்தி தொண்டை கிழியப் பேசியவர்கள்.

கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது ஐயா மொஸ்கோப் பக்கம் நின்றார், சித்தப்பா பீக்கிங் பக்கம் போனார். தத்துவப் பிளவு என்று ஊர் மலைத்தது. வீட்டில் இருந்த எனக்கல்லவா தெரியும். அந்த வருடம் வேலி அடைத்தபோது ஐயா வேலிக்கு நட்ட புதுக் கதியால் தடிகள் சித்தப்பாவின் வளவுக்குள் அரை அடி தள்ளி இறங்கியிருந்தன.

பின்னேரக் கூட்டத்தில் சித்தப்பா ஐயாவைத் திரிபுவாதி என்றார். ஐயா அவரைச் சாகசவாதி என்று துண்டுப்பிரசுரம் அடித்தார். வேலியைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை.

"உந்த அரை அடியைத் திருப்பிக் குடுங்கோ, கட்சி தன்பாட்டிலை ஒண்டாகும்" என்றார் அம்மா.

"உனக்கு அரசியல் விளங்காது" என்றார் ஐயா.

அடுத்த வருடம் சித்தப்பா கதியால்களைப் பிடுங்கி, ஒரு அடி எங்கள் பக்கம் நட்டார்.

இரண்டு தடவையும் வேலி அடைத்தவர் ஒரே கூலியாள்தான். மேடையில் இருவரும் அவர் தோளில் கைபோட்டுத் 'தோழர்' என்பார்கள். வேலையின் நடுவே அவர் தண்ணீர் கேட்டால், செம்பைத் தொடவிடாமல் தேங்காய்ச் சிரட்டையில் வார்ப்போம். எங்கள் வீட்டில் வார்த்தது நான்தான். சித்தப்பா வீட்டிலும் சிரட்டைதான்.

அந்த ஒரு கொள்கையில் மட்டும் மொஸ்கோவும் பீக்கிங்கும் கடைசிவரை பிளவுபடவில்லை.