கோதுமை பீருக்கு மார்க் போடுகிறேன்

பீரை ருசி பார்த்து மார்க் போடும் வேலையில் வாயைவிட மூக்கு அதிகம் உழைக்கும், மூக்கைவிட மனசு. புது வேலையில் பயந்துகொண்டே கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். மலேசியாவில் கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்து, வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, சிரம்பானில் பீர் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஆறு மாதம் சோதனைக் காலம். ருசிக் குழுவில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். என் மார்க் மற்ற நால்வரின் மார்க்கோடு ஒத்துப்போனால்தான் வேலை நிரந்தரம்.

வண்டல்

முதல் நாள் கிடைத்தது ஜெர்மன் பாணிக் கோதுமை பீர். சாதாரண பீரைவிட வீரியம் கூட. காப்பியை வண்டல் விழாமல் ஊற்றியே பழகிய கை. தெளிந்ததை மட்டும் கிளாஸில் சாய்த்துவிட்டு, அடியில் கலங்கியதைத் தொட்டியில் கொட்டப் போனேன். குழுவை நடத்தும் ஜெசிந்தா மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கொட்டாதம்மா, இந்த பீருக்கு அந்த ஈஸ்ட்தான் உயிர். குலுக்கி ஊத்து."

ரஸ்தாளி

குலுக்கி ஊற்றியதும், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு மேலே விடியற்காலையில் நிற்குமே, அந்தப் பனி கிளாஸுக்குள் இறங்கியது. கண்ணை மூடி முகர்ந்தேன். முதலில் பழம், கொஞ்சம் பொறுத்துக் கிராம்பு, எல்லாவற்றுக்கும் அடியில் வெல்லப்பாகு. எங்கேயோ நடந்து போய்க்கொண்டிருந்தேன், காலடியில் தரையே இல்லை. மற்றவர்கள் 'வாழைப்பழம்' என்று எழுதியிருந்தார்கள். நான் 'தோல் கறுத்த ரஸ்தாளி' என்று எழுதிவிட்டு, அதிகமாக எழுதிவிட்டோமோ என்று தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக் குமரன் எட்டிப் பார்த்தான்.

"மார்க் போடச் சொன்னா நீ பசாருக்கே போயிட்டியா லா?"

நோட்டு

பீரைத் துப்பக் கூடாது; கசப்பு விழுங்கினால்தான் முழுசாகத் தெரியும். வீட்டில் பொய் சொல்ல வரவில்லை, இதையும் சொல்லிவிட்டேன். அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். செம்பனை லாரி ஓட்டும் அப்பா என் குறிப்பு நோட்டை வாங்கி, நாலு பக்கம் புரட்டினார்.

"ஒரு வாய்க்கு ஒரு பக்கமா? நாங்கள்லாம் இப்படி எழுதியிருந்தா தோட்டத்துல பேப்பரே மிஞ்சியிருக்காது, ஆயி."

கட்டிப்பால்

ஆறாவது மாதக் கடைசி. கப்பலில் வந்து இறங்கிய அதே வகை பீர், வேறு சரக்கு. நால்வரும் உயர்ந்த மார்க் போட்டார்கள். எனக்குப் பழத்துக்குப் பின்னால் ஒரு புளித்த வாடை. பகாவ் சாலையில் ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் வருமே, அது. எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். நிரந்தரக் கடிதம் மனசில் மிதந்து மிதந்து தூரப் போனது. கடைசியில் 'கட்டிப்பால் வாடை, வாங்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். குமரன் சிரித்தான்.

மிஸ் சிரிக்கவில்லை. கிளாஸை இரண்டு கைக்குள்ளும் பொத்தி, பீர் கொஞ்சம் சூடாகும்வரை காத்திருந்து முகர்ந்தார். முகம் சுளித்தது. இன்னும் இரண்டு பாட்டில் திறந்தார், அதே சுளிப்பு. பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"நீ சொன்னதுதான் சரி, சரக்கைத் திருப்பி அனுப்புறோம். ஆனா உன் மார்க் மத்தவங்களோட ஒத்துப்போகலையே, மேலிடத்து ரூல் அப்படி. இன்னும் மூணு மாசம் மோந்து பாரும்மா."

வேலை நிரந்தரமாகாமல் தவிக்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருந்தாலும், மூக்கு சரியாக இருந்த குற்றத்துக்காகத் தவிப்பவள் அநேகமாக நான் ஒருத்திதான்.