யாரும் அணியாத மூன்று எண்கள்

ஞாயிறு காலை ஆறேகால் மணிக்குத் திருப்பத்தூரில் புதூர்நாடு பேருந்தில் ஏறினேன். மடியில் ஒரு மூட்டை. அதற்குள் பன்னிரண்டு பச்சை ஜெர்சிகள். நெல்லிவாசல்நாட்டுப் பெண்கள் கபடி அணிக்காக என் கடையில் தைத்து எண் ஒட்டியவை. மதியம் இரண்டு மணிக்கு மலையிலேயே இறுதிப் போட்டி. எதிரணி எங்கள் ஊர் அணிதான். ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருக்கலாம்; மலை பார்க்கும் ஆசை விடவில்லை.

அவர்கள் கொடுத்த சீட்டில் 3, 8, 11 மூன்றும் இல்லை. வரிசை பதினைந்து வரை ஓடியிருந்தது. எண்ணத் தெரியாமல் எழுதிவிட்டார்கள் பாவம் என்று, ஒன்று முதல் பன்னிரண்டு வரை நானே ஒழுங்குபடுத்திவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

முப்பது கிலோமீட்டர் சொச்சம் வளைந்து ஏறியபின் புதூர்நாடு. அங்கிருந்து ஷேர் ஜீப், ஆளுக்கு முப்பது ரூபாய். பின்னால் பதினான்கு பேர், இரண்டு மூட்டை புளி, நான். இருபுறமும் சாமைக் கொல்லைகள். குளிர்ந்த காற்றில் இடுப்பு வலிகூட இதமாக இருந்தது.

ஒன்பதரைக்கு மைதானம். அணித் தலைவி அம்பிகா மூட்டையைப் பிரித்தாள். மூன்றாவது ஜெர்சியில் கை நின்றது. மூன்று ஜெர்சிகளை மட்டும் தனியே மடித்து வைத்தாள்.

"இத யாரும் போட மாட்டாங்க சார்."

பக்கத்தில் நின்ற மாரியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முன்பு இந்த அணிக்கு மேனேஜராக இருந்தவராம். "இன்னாங்க, எங்களுக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அம்பிகாதான் விளக்கினாள். மேனேஜர் ஆகிறவர் ஒரு எண்ணை எடுத்துக்கொள்வார். அவர் விலகியதும் அந்த எண்ணை அணியில் எவரும் அணிவதில்லை. மூன்றாம் எண் கோவிந்தனுடையது. பேருந்து இல்லாத காலத்தில் பெண்களை அடிவாரம்வரை நடத்தியே கூட்டிப்போனவர். பதினொன்று சேகருடையது, போட்டிதோறும் சோறு பொங்கிச் சுமந்தவர். எட்டு, மாரியம்மாளுடையது. "இவங்க வூடு வூடா போய்க் கேக்கலன்னா எங்க அப்பா என்ன வுட்டிருக்க மாட்டார் சார்."

எண் இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. அந்த மூன்று ஜெர்சிகளும் அணியின் மூன்று சிறந்த ஆட்டக்காரிகளின் அளவு. அவர்கள் இல்லாமல் எங்கள் ஊரை ஜெயிப்பது நடக்காத காரியம்.

"ஒம்போது பேரோட ஆடறோம். தோத்தாலும் பரவால்ல," என்றாள் அம்பிகா. மற்ற பதினொரு பேரும் தலையாட்டினார்கள்.

என் புத்தியை நொந்துகொண்டே முதலுதவிப் பெட்டியில் இருந்த வெள்ளை பிளாஸ்திரியை வாங்கினேன். நான் வந்த ஜீப் மைதான ஓரமாகவே நின்றது; அதன் பானெட்டில் ஜெர்சிகளை விரித்தேன். மூன்றுக்கு முன்னால் ஒரு கோடு: பதின்மூன்று. பதினொன்றில் இரண்டாவது ஒன்றின் தலையில் ஒரு கோடு: பதினேழு. வியர்வையில் உரிந்துவிடாமல் ஓரங்களைத் தைத்தேன். எட்டை எடுக்கப் போனபோது மாரியம்மாள் ஊசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அது என்னுது. நானே தெக்கிறேன்."

எட்டு, பதினெட்டானது.

ஆட்டம் கடைசி நிமிடம்வரை சமநிலை. எங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேர் கோட்டருகே அரணாக நின்றார்கள். பதினெட்டாம் எண் வள்ளி பாடிக்கொண்டு போனாள். ஒருத்தியைத் தொட்டாள், இன்னொருத்தி அவள் காலைப் பிடித்தாள். பிடித்தவளையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டில் விரல் வைத்தாள். நடுவர் விசில் ஊதி இரண்டு விரல்களை உயர்த்தினார். மைதானமே எழுந்துவிட்டது. நானும் கத்தினேன், தொண்டை கட்டும்வரை. மாரியம்மாளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் திட்டிக்கொண்டே சிரித்தார்.

புதிதாக மூன்று தைத்து அனுப்புகிறேன் என்றேன். "வேணாங்க, இதுலதான் ஜெயிச்சோம்," என்றாள் வள்ளி.

எத்தனையோ அணிகளுக்கு எண் ஒட்டியிருக்கிறேன். எங்கள் ஊரில் மேனேஜர் ஞாபகத்துக்கு வருவது தோற்ற அன்று மட்டும்தான், அதுவும் திட்டுவதற்கு.

மாலை ஐந்து மணிக்கு ஜீப் இறங்கியது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், உங்க ஊரு தோத்துட்டுது, நீங்க சிரிச்சிக்கினு வர்றீங்க?"

"அவங்க போடாத மூணு நம்பரத்தான் நான் பெருமையா ஒட்டிக் கொண்டாந்தேன். அவங்க அதப் போடாமலே ஜெயிச்சிட்டாங்க. சிரிக்காம இன்னா பண்றது?"