உம் கொட்டாத பாடப் புத்தகம்

அறுபதுகளில் திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தேன். கதை சொல்வது எப்படி என்று பயிற்சி மாணவிகளுக்கான ஓர் அறிமுகப் புத்தகம் வந்தது. பாடமாக வைக்கலாமா என்று நான் ரிப்போர்ட் எழுத வேண்டும். நூலாசிரியர் விழுப்புரத்துத் தமிழாசிரியர் ஒருவர். தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு என்று நன்றாகவே பிரித்து எழுதியிருந்தார். இரண்டே நாளில் படித்து, ‘தகுதியானது’ என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். புத்தகத்தை எடை போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அப்போது எனக்கு உண்டு. இப்போதும் கொஞ்சம் உண்டு.

அந்த ரிப்போர்ட்டைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒலக்கூர்ப் பள்ளியில் கற்பித்தல் தேர்வு வந்தது. மார்க் போடுவது நான். சம்பூரணம் என்ற மாணவி மூன்றாம் வகுப்புக்குக் கதை சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை தவறியவள். இதிலும் தவறினால் படிப்பு போதும், கல்யாணம்தான் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். உதவியாக இருக்குமே என்று அந்தப் புத்தகத்தை அவளிடம் கொடுத்தது நான்தான்.

புத்தகத்தில் இருந்தபடியே ஆரம்பித்தாள். “எல்லாரும் வாயில வெரல வெச்சிக்கினு கம்முனு கேக்கணும்.”

பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். கதையில், வேர்க்கடலை தின்ன மல்லாட்டைக் கொல்லையில் நரி புகுந்தது. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. நரி அங்கேயே நின்றுவிட்டது. சம்பூரணத்துக்கு அடுத்த வரி வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. எனக்குக் கோபம். மார்க் ஏட்டில் பென்சிலால் ஃபெயில் போட்டேன்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “டீச்சர், ‘ம்’ கொட்டாம எப்டி டீச்சர் கத கேக்கறது? தூக்கம் வருது.”

சுருக்கென்றது. நம் ஊரில் உம் கொட்டாமல் யார் கதை கேட்டிருக்கிறார்கள்? அந்தப் புத்தகத்தில் கேட்பவருக்கு இருந்தது ஒரே விதி, சத்தம் போடாதே என்பது. அதன் பக்கத்தில் நான் டிக் வேறு அடித்திருந்தேன், மண்டு!

“சம்பூரணம், முதல்லேர்ந்து சொல்லும்மா. பசங்களா, எல்லாரும் ‘ம்’ கொட்டுங்க.”

‘ம்’ எழுந்ததும் அவள் குரலும் எழுந்தது. ஓரிடத்தில் தடுமாறினாள். “அப்பறம்?” என்று நாலைந்து பேர் கத்தினார்கள். நரி ஒரே ஓட்டமாக ஓடியது. மார்க்கை அழித்துவிட்டுப் பாஸ் போட்டேன்.

கேட்பவரைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்க்காமல் புத்தகம் தகுதி பெறாது என்று ரிப்போர்ட்டை மாற்றி அனுப்பினேன். அடுத்த வாரமே நூலாசிரியர் வந்து நின்றார்.

“உம் கொட்றதுலாம் படிக்காதவங்க பழக்கங்க. அதப் போயி புஸ்தகத்துல எழுதச் சொல்றீங்களே!”

“ஒக்காருங்க சார். ஒலக்கூர்ல என்னா நடந்துச்சின்னு சொல்றேன். அந்தப் பொண்ணு பாதியில நின்னுட்டா.”

“ம்.”

“முன்னாடி ஒக்காந்திருந்த குட்டி, வாயிலேர்ந்து வெரல எடுத்துச்சி.”

“ம்... அப்பறம்?”

நான் நிறுத்திக்கொண்டேன். அவர் முகம் சிவந்தது. பிறகு சிரித்துவிட்டு, பேனா மூடியைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு வகுப்பில் நடத்திப் பார்க்காமல் எந்தப் புத்தகத்துக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. மதிப்பீட்டுக்குப் புத்தகம் வரும்போதெல்லாம் அந்த மார்க் ஏட்டை எடுத்துப் பார்ப்பேன். சம்பூரணத்தின் பேருக்கு நேரே, அழித்த பென்சில் தடம் அப்படியே இருக்கும்.