நான்கு பேர் படுக்கும் வண்டி

இசக்கிமணி பட்டாளத்தில் இருபது வருஷம் லாரி ஓட்டினான். வருஷத்துக்கு இரண்டு முறை லீவில் மேலகரம் வருவான். பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பிப் போகும் நாள் வந்துவிடும். மகள் மஞ்சு பிறந்தபோது அவன் ஜெய்சல்மேரில் இருந்தான். மகன் லிங்கேஸ்வரன் டெங்கு வந்து தென்காசி ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தபோது தேஜ்பூரில் இருந்தான். அந்த எட்டு நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்திருந்தவள் அவனுடைய அக்கா சுகிர்தம்.

சுகிர்தம் அவனைவிட எட்டு வயது மூத்தவள். வீரகேரளம்புதூரில் அவளைக் கட்டிக்கொடுத்த இடம் ஒன்றரை வருஷத்தில் முறிந்துபோனது. இசக்கிமணி கல்யாணமாகிப் பட்டாளத்துக்குத் திரும்பியதும், அவன் மனைவி அனுசியாவுக்குத் துணையாக வந்து சேர்ந்தாள். கொஞ்ச நாள் என்று வந்தது பதினாறு வருஷமாயிற்று. பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் போவது, தடுப்பூசி நாளை நினைவில் வைத்திருப்பது, லிங்கேஸ்வரன் தூங்கும்வரை முதுகைத் தட்டிக்கொடுப்பது எல்லாம் அவள் பாடாகிவிட்டது. யாரும் சொல்லி அவள் செய்யவில்லை. செய்ததற்காக யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை.

ஓய்வு பெற்று வந்த வருஷம், குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டோரம் ஒரு வேன் நிற்பதை இசக்கிமணி பார்த்தான். கூரையைப் பாதி தூக்கி வைத்திருந்தார்கள். உள்ளே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் போர்த்திப் படுத்திருக்க, பின்கதவுப் பக்கம் அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அவன் பைக்கை நிறுத்திவிட்டு மழையில் நனைந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷம் பிள்ளைகளோடு இல்லாமல் போனதையெல்லாம் இப்படி ஒரு வண்டிக்குள் வைத்து மீட்டுவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து வீட்டில் வண்டிப் பேச்சுதான். புனலூர் வரை போய்ப் பழைய வண்டிகளைப் பார்த்து வந்தான். கடைசியில் புளியங்குடியில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பரமசிவனிடம் இரண்டு வேன்கள் அமைந்தன. ஒன்று பெரியது. நீளவாக்கில் ஐந்து பேர் தாராளமாகப் படுக்கலாம்; ஆனால் இசக்கிமணியின் தெருமுக்கில் திரும்பாது. மற்றது சிறியது. பின்சீட்டை விரித்தால் இரண்டு பேர், கூரையைத் தூக்கினால் மேலே இரண்டு பிள்ளைகள். சமையலுக்கு ஓர் அலமாரி.

"அண்ணாச்சி, வீட்டுல எத்தன பேரு?" என்று பரமசிவன் கேட்டான்.

"நாலு பேரு" என்றான் இசக்கிமணி. யோசிக்கக்கூட இல்லை.

ஆனாலும் பட்டாளத்துக்காரன் அல்லவா, அளந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்யமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் சாக்பீஸால் சின்ன வேனின் உள்ளளவை வரைந்தான். பத்தடி நீளம், ஐந்தடி அகலம். அடுப்பு அலமாரிக்கு ஒரு கட்டம். மேல்தட்டை அதற்குப் பக்கத்தில் தனியாக வரைந்தான். அனுசியாவையும் பிள்ளைகளையும் படுக்கச் சொல்லி, தானும் படுத்துப் பார்த்தான். லிங்கேஸ்வரன் கால் நீட்டி அக்காளை உதைத்தான். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது சுகிர்தம் காப்பித் தட்டோடு படியேறி வந்தாள். கோட்டுக்கு வெளியே நின்றாள்.

மஞ்சுதான் எழுந்து உட்கார்ந்து கேட்டாள்: "அத்தைக்கு எங்கப்பா எடம்?"

இசக்கிமணி சாக்பீஸ் கோடுகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அத்தைக்கு வண்டின்னாலே கொமட்டும்லா. அவ வீட்டப் பாத்துக்கிடுவா" என்றான்.

"ஆமாட்டி" என்றாள் சுகிர்தம். "எல்லாரும் போயிட்டா வீட்டுக்கு யாரு இருக்கா? காப்பி ஆறுது, எடுங்க."

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியதில்லை. மறுநாள் பேச்சுவாக்கில் அக்காவும் வீட்டில் இருப்பதைச் சொன்னபோது பரமசிவனே ஒரு வழி சொன்னான். அடுப்பு அலமாரியைப் பாதியாக்கினால் அந்த இடத்தில் மடக்குப் பலகை போடலாம். ஒரு ஆள் கூடப் படுக்கலாம். இசக்கிமணி அலமாரியைத் தடவிப் பார்த்தான். இரண்டு அடுப்பு, பாத்திரம் வைக்க மூன்று தட்டு. ஐந்தருவியில் பார்த்த வண்டியில் இருந்தது போலவே இருந்தது. "இருக்கட்டும், இத வெட்ட வேண்டாம்" என்றான்.

திரைச்சீலைகளும் மெத்தை உறைகளும் சுகிர்தம்தான் தைத்தாள். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட துணி. வண்டி தெருவுக்கு வந்த அன்று திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தவளும் அவள்தான்.

முதல் பயணம் செங்கோட்டை வழியாகத் தென்மலை, அங்கிருந்து வர்க்கலை கடற்கரை. ஐந்து நாள். தென்மலையில் வண்டிக்குள் படுத்த முதல் ராத்திரி லிங்கேஸ்வரனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இசக்கிமணி மேலே எட்டி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "நீங்க வேகமா தட்டுதீயப்பா" என்று பையன் விலகிப் படுத்தான். மறுநாள் அக்காவுக்குப் போன் செய்து எப்படித் தட்டுவது என்று கேட்க நினைத்தான், வெட்கமாக இருந்தது. வீட்டில் எல்லாம் சுகமா என்று மட்டும் கேட்டு வைத்தான். சுகம் என்றாள்.

ஆறாம் நாள் திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவியைப் பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா காலையில சாவியக் குடுத்துட்டுப் போனா. போன் பண்ணுதேன்னு சொன்னா." வீடு பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. கொடியில் அவள் சேலைகள் இல்லை.

புளியங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்கள் விடுதி. சமையலைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளோடு தங்க ஆள் தேடியிருக்கிறார்கள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் போனில் இதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

மறுநாளே இசக்கிமணி வண்டியைப் பரமசிவனிடம் விட்டு, "அந்த அலமாரிய வெட்டு" என்றான். அது முடிய நான்கு நாளாயிற்று. ஐந்தாம் நாள் அதே வண்டியில் விடுதி வாசலில் போய் நின்றான்.

"அக்கா, வந்து பாரு. ஒனக்குப் பலக போட்டாச்சு. கால் நல்லா நீட்டலாம்."

சுகிர்தம் வெளியே வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பலகையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றாள்.

"பொறவென்ன, கெளம்பு. பிள்ளைக ஒன்னத் தேடுது."

"ஏலே மணி, நான் கோவிச்சுக்கிட்டு வரல. நீ மாடியில கோடு போட்டப்பதான் எனக்கே ஒறச்சுது, எனக்குன்னு ஒரு எடம் நானும் பாத்து வச்சுக்கிடலியேன்னு. அம்பது வயசாச்சு. இங்கன ஒரு ரூம் குடுத்திருக்காவ. சன்னலும் இருக்கு."

"நான் நெனச்சுப் பாக்காம சொல்லிட்டேங்கா."

"அதான் தெரியுமே" என்றாள் அவள். "நெனச்சுச் சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன்."

உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளை, "அத்தை, குக்கர் சத்தம் போடுது!" என்று கூப்பிட்டாள். சுகிர்தம் திரும்பி நடந்தாள். அத்தை என்ற அந்தச் சொல் வேறு வாயிலிருந்து வந்தது இசக்கிமணிக்குத் தாங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவள் பஸ்ஸில் வருகிறாள்; பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டுச் சாயங்காலமே கிளம்பிவிடுகிறாள். பரீட்சை, சமையல் ஆள் லீவு என்று ஏதாவது சொல்கிறாள். பொய்யும் இல்லை. இசக்கிமணி குடும்பத்தோடு வால்பாறை போனான், ராமேஸ்வரம் போனான். மடக்குப் பலகையில் பைகளை அடுக்கிக்கொண்டு போகிறார்கள்.

ஒருநாள் அவன் அனுசியாவிடம் கேட்டான்: "அன்னைக்கு மாடியில மஞ்சு கேட்டாள்லா. நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

அனுசியா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"சொல்லியிருக்கலாம். நீங்க வார லீவெல்லாம் மதினியும் கூடவேதான் இருப்பாவ. ஒரு தடவையாவது நாம நாலு பேரு மட்டும் போவோமேன்னு இருந்துச்சு. அவிய மொகத்தப் பாத்தேன். பாத்துட்டுத்தான் பேசாம இருந்தேன்."

அக்காவின் முகத்தை அனுசியா பார்த்திருக்கிறாள். தான் அதைக்கூடப் பார்க்கவில்லை என்பது மட்டும் அவனுக்கு அப்போது விளங்கியது.