எங்கே பட்டது?

ஞாயிறு காலைகளில் குன்னூர் தேயிலைச் சரிவில் ஒரு பெரியவரைப் பார்ப்பேன். காதை மூடிய கம்பளிக் குல்லாய், கையில் ஏர் ரைபிள். தூரத்து சில்வர் ஓக் மரத்தில் அட்டையைக் குத்திவைத்து, துப்பாக்கி குறி தவறாமல் சுடுகிறதா என்று தனியாகச் சோதித்துக்கொண்டிருப்பார். சுட்டதும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, “ஏனுங்க, எங்க பட்டிருக்குதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்பார். பாவம், கண் மங்கல் போல என்று நினைத்து நடந்துபோய், “நடுவுலதானுங்க!” என்று கத்துவேன். முகமெல்லாம் மலரச் சிரிப்பார்.

ஒருநாள் அவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றும்போது, துப்பாக்கிமேல் இருந்த தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். அட்டையின் ஓட்டை மட்டுமல்ல, அதன் ஓரத்தில் ஊர்ந்த எறும்புகூடத் தெரிந்தது.

“இதுலயே தெரியுதுங்களே!”

“நல்லாவே தெரியுமுங்க” என்றார், என்னைப் பார்க்காமல்.

அடுத்த முறை சுட்டபின் அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகவே மரத்தை நோக்கி நடந்தேன்.